இருக்கையைப் பார்க்காதீர், நிலையைப் பாருங்கள்

இடதுசாரி என்னும் சொல்லைக் கேட்ட அளவிலேயே நம் பெரியவர்களில் சிலர் முகம் சுளிக்கின்றனர். நம் இளைஞர்களில் சிலரோ அச்சொல்லைச் சொல்லி மார்தட்டுகின்றனர். முன்னவர்க்கு அது வசைச்சொல். பின்னவர்க்கு அது பட்டம். அச்சொல் எங்கே பிறந்தது, எதன்பொருட்டுப் பிறந்தது என்பதை அறிய இருசாராரும் முயல்வதில்லை என்பதே என் குற்றச்சாட்டு.

சொல்லின் ஒலிக்கே அஞ்சுவோர்க்கு முதலில் ஒன்று கூறுவேன். அரபு மொழியில் 'யஸார்' என்றால் இடப்பக்கம். அதே சொல்லுக்குச் செல்வம், வசதி என்னும் பொருள்களும் உண்டு. இன்றைய அரபு இதழ்கள் இடதுசாரிகளை 'அல்யஸார்' என்றே எழுதுகின்றன. ஆகவே நலமும் கேடும் சொல்லில் இல்லை. அவற்றை வரலாற்றில்தான் தேடவேண்டும்.

1789ஆம் ஆண்டு. பிரான்சு நாட்டின் வெர்சாய் நகரில் கூடியிருந்த தேசிய சபையின்முன் ஒரு வினா எழுந்தது: மக்களின் பிரதிநிதிகள் இயற்றும் சட்டத்தை மன்னர் தம் ஒரு சொல்லால் தள்ளிவிடலாமா? மன்னருக்கு முழுமையான தடையதிகாரம் வேண்டும் என்றோர் அவைத்தலைவரின் வலப்பக்கம் திரண்டனர். கூடாது என்றோர் இடப்பக்கம் அமர்ந்தனர். மன்னர் சட்டத்தைச் சிறிதுகாலம் நிறுத்திவைக்கலாமேயன்றி அடியோடு மறுக்கலாகாது என்று செப்டம்பர் மாதத்தில் சபை முடிவுசெய்தது. அரசியலில் 'இடது' என்பதன் பிறப்பு இதுவே. ஆள்வோனைத் தட்டிக்கேட்க ஆளப்படுவோனுக்கு உரிமை உண்டு என்பதே அதன் முதற்பொருள்.

இடதுசாரி என்றாலே பொதுவுடைமை, பொதுவுடைமை என்றாலே இறைமறுப்பு என்று சங்கிலி கோப்போர் இதற்கு என்ன சொல்வர்? காரல் மார்க்ஸ் பிறந்ததே 1818இல்தான். அன்று இடப்பக்கம் அமர்ந்தோருள் ஹென்றி கிரெகுவார் என்னும் கிறித்தவப் பாதிரியாரும் ஒருவர். யூதர்களுக்குக் குடியுரிமை கோரியும், அடிமைமுறையை எதிர்த்தும் ஓயாது வாதாடியவர் அவர். 1793இல் புரட்சியாளர் சிலர் மதத்தையே ஒழிக்கப் புறப்பட்டபோது, தம் நம்பிக்கையைத் துறக்க முடியாதென அவையில் நின்று மறுத்தவரும் அவரே. இறைநம்பிக்கைக்கும் எளியோர் சார்புக்கும் பகையில்லை என்பதற்கு அவர் வாழ்வைவிடச் சான்று வேண்டுமோ?

இனி, பட்டத்துக்காக அச்சொல்லை ஏந்தும் இளைஞர்க்கு வருகிறேன். இடப்பக்கம் அமர்ந்ததாலேயே எவரும் நீதிமான் ஆகிவிடுவதில்லை. மன்னரின் தனியதிகாரத்தை எதிர்த்து அணி திரட்டியவர்களுள் முன்னின்றவர் லெ ஷாப்பலியே. தொழிலாளர்கள் சங்கம் சேர்வதைக் குற்றமாக்கிய 1791 ஜூன் மாதச் சட்டம் அவர் பெயரால்தான் வழங்குகிறது! மன்னரிடம் கேட்ட உரிமையைக் கூலிக்காரன் தம்மிடம் கேட்டபோது அவர் தரவில்லை. தொழிற்சங்கம் அமைக்கும் உரிமையைச் சட்டப்படி பெறப் பிரெஞ்சுத் தொழிலாளி 1884வரை காத்திருக்க நேர்ந்தது.

அல்ஜீரிய முஸ்லிம்களின் வரலாறு இதனினும் கசப்பானது. 1936இல் லெயோன் புளூம் தலைமையில் இடதுசாரிகளின் மக்கள் முன்னணி பிரான்சில் ஆட்சிக்கு வந்தது. வாரத்துக்கு 40 மணிநேர வேலை, சம்பளத்துடன் 2 வார விடுமுறை ஆகியவற்றைப் பிரெஞ்சுத் தொழிலாளிக்கு அவ்வாட்சி வழங்கியது. அது பெருஞ்சாதனையே, மறுப்பதற்கில்லை. ஆனால் அல்ஜீரியாவில் வாழ்ந்த 60 இலட்சத்துக்கு மேற்பட்ட முஸ்லிம்களுக்கு? அவர்களில் ஏறத்தாழ 20,000 பேருக்கு மட்டும், மார்க்கத் தனியார் சட்டத்தைக் கைவிடாமலேயே குடியுரிமை வழங்க ஒரு மசோதா வரையப்பட்டது. அங்குக் குடியேறியிருந்த வெள்ளையர் கூச்சலிட்டனர். மசோதா வாக்கெடுப்புக்கே வரவில்லை. விடுதலை கோரிய 'வட ஆப்பிரிக்க விண்மீன்' என்னும் அமைப்பையோ அதே அரசு 1937 ஜனவரியில் கலைத்துவிட்டது.

1956இல் மீண்டும் ஒரு சோஷலிஸ்டுத் தலைவர், கீ மொலே, பிரதமரானார். அல்ஜீரியப் போருக்காக அவர் சிறப்பதிகாரம் கேட்டபோது பொதுவுடைமைக் கட்சி உறுப்பினர்களும் ஆதரவாக வாக்களித்தனர். மறுஆண்டு அல்ஜியர்ஸ் நகரில் இராணுவம் நடத்திய சித்திரவதைகளை உலகம் அறியும். எளியோர்க்காகப் பிறந்த சொல், எளியோரின் முதுகெலும்பை முறிக்கும் கோலாயிற்று.

எனினும் அதே நகரில், அதே 1957இல், மோரிஸ் ஓடேன் என்பவர் வாழ்ந்தார். வயது 25, பல்கலைக்கழகத்தில் கணிதம் கற்பித்தவர், பொதுவுடைமையாளர், பிரெஞ்சு வழிவந்தவர். அல்ஜீரியரின் விடுதலைப் பக்கம் நின்றதற்காக ஜூன் மாதம் இராணுவம் அவரைக் கைதுசெய்தது. அவர் வீடு திரும்பவேயில்லை. சித்திரவதைக்குள்ளான அவரது மரணத்துக்கு அரசே பொறுப்பு எனப் பிரான்சின் குடியரசுத் தலைவர் ஒப்புக்கொண்டது 2018இல்தான். இடையே 61 ஆண்டுகள்!

மொலேயும் இடதுசாரி; ஓடேனும் இடதுசாரி. ஒருவர் இருக்கையில் அமர்ந்தார். மற்றவர் நிலையில் நின்றார். அதிகாரம் பிறர் கையில் இருக்கும்போது நியாயம் கேட்பது எளிது. அது தம் கைக்கு வந்தபின், தம் எதிரே நிற்கும் எளியவனுக்கு அதே நியாயத்தை வழங்குகிறாரா என்பதே உரைகல்.

பெரியவர்களே, கூலிக்கு நீதி கேட்கும் மகனை ஒரு சொல்லுக்கு அஞ்சி வாசலில் நிறுத்தாதீர்கள். இளைஞர்களே, ஒரு சொல்லை நம்பி எவருக்கும் உங்கள் அறிவை அடகு வைக்காதீர்கள். வலமோ இடமோ, எளியவன் கேட்கும்போது வாயடைப்பவன் எந்த இருக்கையில் இருந்தால்தான் என்ன?