உடல் சொல்வதை மறைக்காத பயணம்

புறநோயாளிகள் பிரிவில் காத்திருக்கும் வேளையில் அருகில் அமர்ந்திருப்போர் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "இந்த வயதில், இந்த உடம்பை வைத்துக்கொண்டு, அவ்வளவு தூரம் போகலாமா?" சென்ற ஏப்ரல் மாதத்தில் நாங்கள் இருவரும் ஆஸ்திரியாவின் தலைநகரான வியன்னாவுக்குச் சென்று எட்டு நாள்கள் தங்கித் திரும்பிய செய்தி இங்கே பலருக்கும் தெரிந்துவிட்டது. போகலாம் என்பதே எங்கள் கருத்து. ஆயினும் அதனோடு ஒரு நிபந்தனையையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அந்த நிபந்தனையை நாங்களே மீறினோம். மீறியதால் நேர்ந்ததையும் ஒளிவின்றி எழுதுவது மற்றவர்களுக்குப் பயன்படும் என்று நம்புகிறோம்.

எங்களுள் கணவருக்கு வயது 71. இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதயக் குழாய் அடைப்புக்காக இரண்டு ஸ்டென்ட் பொருத்தப்பட்டவர். மனைவிக்கு வயது 67. இருபது ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உடையவர், இன்சுலின் செலுத்திக்கொள்பவர், இரு முழங்கால்களிலும் மூட்டுத் தேய்மானம் உண்டு. கணவர் முப்பது ஆண்டுகள் பள்ளியில் வரலாறு கற்பித்தவர். ஹாப்ஸ்பர்க் பேரரசின் நகரைக் கரும்பலகையில் மட்டுமே காட்டிவந்தவருக்கு அதை நேரில் காணும் ஆசை ஓய்வு பெற்ற பின்னும் ஓயவில்லை.

பிள்ளைகள் எதிர்த்தார்கள். "அப்பா, அங்கே ஏதாவது ஆனால் யாரைக் கூப்பிடுவீர்கள்?" என்று மகன் கேட்டது நியாயமான கேள்வியே. ஆகவே முடிவை எங்கள் இதய மருத்துவரிடம் விட்டோம். அவர் உடனே ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. டிரெட்மில் பரிசோதனை செய்தார். நாள்தோறும் எவ்வளவு தூரம் நடக்கிறார் என்று விசாரித்தார். ஆறு வாரம் சிறிது சிறிதாக நடையைக் கூட்டி வரச் சொன்னார். பிறகே இசைந்தார். இசையும்போது அவர் விதித்த நிபந்தனை ஒன்றே: "நெஞ்சில் இறுக்கமோ மூச்சுத் திணறலோ வந்தால் அந்த இடத்திலேயே நில்லுங்கள், உடனே அம்மாவிடம் சொல்லுங்கள்."

வியன்னா நடப்பவரை மயக்கும் நகரம். 1857இல் பேரரசர் பிரான்ஸ் ஜோசப் பழைய மதிற்சுவர்களை இடிக்க ஆணையிட்டார். அவை நின்ற இடத்தில் எழுந்ததே ரிங் எனப்படும் வட்டச் சாலை. ஐந்து கிலோமீட்டருக்குச் சற்று மேல் நீளும் அச்சாலையின் ஓரத்தில் இசை நாடக அரங்கும், நாடாளுமன்றமும், நகர மன்றமும், பல்கலைக்கழகமும் வரிசையாக நிற்கின்றன. ஒன்றைக் கண்டதும் அடுத்தது அழைக்கிறது. முதல் இரண்டு நாள்களில் நாங்கள் ஊரில் ஒரு வாரம் நடக்கும் தூரத்தை நடந்து தீர்த்தோம். செலவழித்து வந்துவிட்டோமே, ஒன்றையும் விடக்கூடாது என்ற எண்ணமே எங்களை ஓட்டியது.

மூன்றாம் நாள் ஷோன்புரூன் அரண்மனைக்குச் சென்றோம். 1,441 அறைகள் கொண்ட அந்த மாளிகையில் பார்வையாளர் காண்பது ஏறத்தாழ நாற்பது அறைகளே. அதற்கே கால்கள் ஓய்ந்துவிட்டன. வயிறு நிறைய உண்டுவிட்டு, தோட்டத்தின் பின்னால் உள்ள குன்றின் மேல் நிற்கும் குளோரியட் மண்டபத்தை நோக்கி ஏறத் தொடங்கினோம். குளிர்ந்த காற்று எதிரே வீசிற்று. கணவர் மூன்று இடங்களில் நின்றார். ஒவ்வொரு முறையும் கைப்பேசியை எடுத்து நகரைப் படம் பிடித்தார். படம் பிடிப்பதற்காக அவர் நிற்கவில்லை என்பது அன்று மனைவிக்குத் தெரியாது. மனைவியும் ஓரிடத்தில் பின்தங்கினார். நேரம் தவறிய உணவாலும் மிகுந்த நடையாலும் உணவுக்கு முன்பே சர்க்கரை தாழ்ந்து கை நடுங்கியதையும், ஒரு மிட்டாயைக் கணவர் காணாமல் வாயில் இட்டுக்கொண்டதையும், முழங்கால் வலி இரு மடங்கானதையும் அவரும் சொல்லவில்லை. ஒருவர் மகிழ்ச்சியை மற்றவர் கெடுக்கக்கூடாது என்றே இருவரும் எண்ணினோம்.

அன்றிரவு விடுதி அறையில் மாத்திரைகளை எடுத்து வைக்கும்போது, நாவின் அடியில் வைக்கும் மாத்திரை அட்டையில் ஒன்று பிரிக்கப்பட்டிருந்ததை மனைவி கண்டார்.

"இதில் ஒன்று குறைகிறதே, எப்பொழுது போட்டீர்கள்?"

சற்று நேரம் பதில் இல்லை. பிறகு, "மேலே ஏறும்போது. இரண்டு நிமிடத்தில் சரியாகிவிட்டது. நீ எத்தனை நாளாக ஆசைப்பட்ட தோட்டம்…" என்றார்.

அந்தத் தோட்டம் யாருக்கு வேண்டும் என்று மனைவி கேட்டார். அழுதுகொண்டே தம்முடைய மிட்டாய்க் கதையையும் சொன்னார். விடுதி வரவேற்பாளரின் உதவியோடு அவ்விரவே மருத்துவமனைக்குச் சென்றோம். இ.சி.ஜி. எடுத்தார்கள், சில மணி நேர இடைவெளியில் இருமுறை இரத்தம் எடுத்துப் பரிசோதித்தார்கள். மாரடைப்பு இல்லை என்று விடியற்காலையில் சொன்னார்கள். நிறைந்த வயிறு, ஏற்றம், குளிர் மூன்றும் சேர்ந்து இதயத்தின் வேலையைக் கூட்டியிருக்கின்றன என்று விளக்கினார்கள். காலையில் எங்கள் மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்தோம். மருந்தின் அளவைச் சற்று மாற்றினார். ஏற்றமும் அவசரமும் கூடாது, ஓய்வில் இருக்கும்போது வலி வந்தால் வேறு எதையும் எண்ணாமல் அவசர ஊர்தியை அழையுங்கள் என்றார். ஊர் திரும்பிய வாரத்தில் செய்த ஆஞ்சியோகிராமில் வேறொரு குழாயில் புதிய சுருக்கம் தென்பட்டது. இப்பொழுது மருந்தினால் கட்டுப்பாட்டில் இருக்கிறது. அந்தக் குன்று நோயைத் தரவில்லை; முன்பே இருந்ததைக் காட்டிக்கொடுத்தது. நாங்கள் மறைத்திருந்தால் அது காட்டியும் பயனில்லாமல் போயிருக்கும்.

எஞ்சிய நாள்களே உண்மையில் நாங்கள் வியன்னாவைக் கண்ட நாள்கள். ஒரு நாளைக்கு ஓரிடம் என்று வகுத்துக்கொண்டோம். ரிங் சாலையை டிராமில் அமர்ந்து பார்த்தோம். புனித ஸ்டீபன் பேராலயத்தின் தெற்குக் கோபுரத்துக்கு 343 படிகள் உண்டு; அதை அண்ணாந்து பார்த்து வணங்கிவிட்டு, மின்தூக்கி உள்ள வடக்குக் கோபுரத்துக்குச் சென்றோம். 1891இல் திறக்கப்பட்ட கலை வரலாற்று அருங்காட்சியகத்தின் கூடங்களில் மெத்தை இருக்கைகள் இட்டிருக்கிறார்கள். ஓவியர் புரூகல் 1565இல் தீட்டிய, பனியில் திரும்பும் வேட்டைக்காரர் ஓவியத்தின் முன் அரை மணி நேரம் அமர்ந்திருந்தோம். களைத்த மனிதர்களும் களைத்த நாய்களும் வீடு நோக்கி நடக்கும் காட்சி அது. ஓடிக்கொண்டே பார்த்திருந்தால் அந்த நாய்களின் தளர்ந்த தலைகள் எங்கள் கண்ணில் பட்டிருக்கமாட்டா. காப்பிக் கடைகளில் ஒரு கோப்பை காப்பியோடு ஒரு குவளைத் தண்ணீரும் வைத்துவிட்டு, எழுந்திரு என்று யாரும் சொல்லாத வழக்கம் எங்கள் வயதினருக்காகவே ஏற்பட்டதுபோல் இருந்தது.

இறுதி நாளில் பழைய பொது மருத்துவமனையின் முற்றங்களுக்குச் சென்றோம். 1784இல் தொடங்கப்பட்ட அந்த வளாகம் இப்பொழுது பல்கலைக்கழகத்துக்கு உரியது. மரங்களும் இருக்கைகளும் நிறைந்தது. அந்த மருத்துவமனையில்தான் 1847இல் செம்மல்வைஸ் என்னும் மருத்துவர், பிரசவித்த தாய்மார்களைக் காய்ச்சல் கொன்றுவருவதன் காரணத்தைத் தேடினார். பிணப் பரிசோதனை செய்த கைகளோடு மருத்துவர்கள் பிரசவ அறைக்கு வருவதே காரணம் என்று கண்டு, குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கைகழுவச் செய்தார். சாவு வெகுவாகக் குறைந்தது. ஆயினும் அக்காலத்து மருத்துவ உலகம் அவர் சொல்லை ஏற்கவில்லை. 1865இல் மனநல விடுதி ஒன்றில் அவர் இறந்தார். அந்த மரத்தடியில் எங்களுக்கு ஒன்று தோன்றிற்று. உண்மையைச் சொல்வதற்கு ஒருவர் வேண்டும். கேட்பதற்கும் ஒருவர் வேண்டும். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் நோயாளிக்கே கேடு.

ஆகவே நோயாளிகளான அன்பர்களுக்கு எங்கள் வேண்டுகோள் இது: குடும்பத்தாரின் மகிழ்ச்சிக்காக உங்கள் வலியை மறைக்காதீர்கள். அதைத் தியாகம் என்று நாங்களும் எண்ணியிருந்தோம். மறைத்த வலி மருத்துவமனை வாசலில் குடும்பத்தார் மேல்தான் வந்து விழுகிறது. வெளிநாடு செல்வோர்க்கு மட்டும் இதைச் சொல்லவில்லை. பழனி மலைக்குப் படியேறுவதா, இழுவை ரயிலில் செல்வதா என்று முடிவு செய்யும்போதும் இதே உண்மைதான் வேண்டும்.

உடனிருந்து கவனிப்போருக்கும் ஒரு வேண்டுகோள். மறுநாள் மகனை அழைத்தபோது, "நான் அப்பொழுதே சொன்னேனே" என்ற சொல்லை எதிர்பார்த்தோம். அவன் சற்று மௌனமாக இருந்துவிட்டு, "இப்பொழுது எப்படி இருக்கிறது, அப்பா?" என்று மட்டும் கேட்டான். அந்தக் கேள்விக்குப் பின் எங்களால் எதையும் மறைக்க இயலவில்லை. உண்மை சொன்னவரைக் கடிந்துகொண்டால் அடுத்த முறை அவர் வாய் திறக்கமாட்டார். முதியோரை வீட்டிலேயே இருத்திவிடுவது பாதுகாப்பு என்று எண்ணுவோரும் உண்டு. வீட்டில் இருப்பவருக்கும் வலி வரும். அதை அவர் சொல்லத் துணிகிறாரா என்பதே கேள்வி.

பயணம் செல்ல எண்ணுவோருக்கு எங்கள் பட்டறிவிலிருந்து சில சொற்கள். மருத்துவரின் இசைவின்றிப் பயணச்சீட்டு வாங்காதீர்கள். மருந்துகளையும் இன்சுலினையும் கைப்பையிலேயே வையுங்கள். விமானத்தின் சரக்குப் பகுதிக்குச் செல்லும் பெட்டியில் இன்சுலின் உறைந்து கெடக்கூடும். மருந்துகளின் மூலப்பெயர் எழுதிய சீட்டும் பழைய சிகிச்சைச் சுருக்கமும் உடன் இருக்கட்டும். கோடையில் வியன்னா நம் நேரத்துக்கு மூன்றரை மணி நேரம் பின்தங்கியது. இன்சுலின் நேரத்தை எப்படி மாற்றுவது என்று புறப்படுமுன் கேட்டுக்கொள்ளுங்கள். நீண்ட விமானப் பயணத்தில் இடையிடையே எழுந்து நடங்கள்; கால் குழாய்களில் இரத்தம் உறையாதிருக்க அது உதவும். விமான நிலையத்தில் சக்கர நாற்காலி கேட்பதில் நாணம் வேண்டாம். ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். அந்தப் படிவத்திலும் பழைய நோயை மறைக்காதீர்கள். நாங்கள் எழுதியிருந்தோம்; மருத்துவமனைச் செலவைக் காப்பீடு ஏற்றது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் அவசர எண் 112. நாவின் அடியில் வைக்கும் மாத்திரையை அமர்ந்துகொண்டே போடுங்கள். ஐந்து நிமிடத்தில் வலி தணியாவிட்டால் அவசர ஊர்தியை அழையுங்கள். தணிந்தாலும் உடன் வந்தவரிடம் சொல்லுங்கள், மருத்துவரிடமும் தெரிவியுங்கள்.

குளோரியட் மண்டபத்தின் முன் எடுத்த படம் எங்கள் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. அதில் இருவரும் சிரிக்கிறோம். வருவோரிடம் அது நல்ல படம் என்று நாங்கள் சொல்வதில்லை; அதன் பின்னால் இருந்ததைச் சொல்கிறோம். பிறகு, பழைய மருத்துவமனை முற்றத்தில் மரத்தடி இருக்கையில் அமர்ந்து எடுத்த மற்றொரு படத்தைக் காட்டுகிறோம். அடுத்த பரிசோதனை நல்லபடியாக முடிந்தால் எங்கே செல்லலாம் என்று இப்பொழுது மருத்துவரிடமே கேட்டிருக்கிறோம்.