கை வைக்குமுன் ஒரு விரல்

கார்த்திகையிலும் மார்கழியிலும் மட்டக்களப்பில் ஓட இடம் கிடைக்காது. மைதானங்களில் மழைவெள்ளம் நிற்கும். வெள்ளம் வடிந்தால் சேறு. தை பிறந்து முதலாம் தவணை சூடு பிடித்ததும் இல்ல விளையாட்டுப் போட்டிக்கு நாள் குறித்துவிடுவார்கள். இரண்டு மாதம் வீட்டுக்குள் முடங்கிக் கிடந்த பிள்ளை, பயிற்சி தொடங்கி மூன்றாம் வாரமே ஐந்து கிலோமீற்றர் மரதன் ஓடும். மாசியில் நமது சிகிச்சை அறை வாசலில் நீளும் வரிசைக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

ஓடுகிறவர்களின் நோவுக்கு, மூட்டையும் தசையையும் கையால் அசைத்தும் அழுத்தியும் செய்யும் ஒஸ்டியோபதி கைகொடுக்குமா என்று இளம் இயன்மருத்துவர்கள் இப்போது அடிக்கடி கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். 1874இல் அமெரிக்காவில் அந்த முறையை அறிவித்த ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில், மூளைக்காய்ச்சலுக்குத் தன் பிள்ளைகளைப் பறிகொடுத்த ஒரு வைத்தியர். மின்னல் வேகத்தில் எலும்பு கட்டுபவர் என்று தன்னை விளம்பரப்படுத்திக்கொண்டவரும்கூட. படுவான்கரையின் முறிவு நெரிவுப் பரியாரியார் ஒருவரோடு அவரைத் திண்ணையில் உட்கார வைத்திருந்தால் இருவரும் பொழுது சாயும்வரை பேசியிருப்பார்கள். 1892இல் மிசூரி மாநிலத்தின் கேர்க்ஸ்வில்லில் அவர் கல்லூரி தொடங்கினார். இன்று அமெரிக்காவில் ஒஸ்டியோபதிப் பட்டம் பெற்றவர் மருந்து எழுதி, சத்திரசிகிச்சையும் செய்கிற முழு மருத்துவர். பிரித்தானியாவில் 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்ப் பதிவு பெற்று, முக்கியமாகக் கையால் சிகிச்சை செய்பவர். ஒரே பெயருக்குள் இரண்டு தொழில்கள் இருப்பதால், வெளிநாட்டுக் கட்டுரை படிக்கும்போது எழுதியவர் எந்த வகை என்று முதலில் பாருங்கள்.

அந்த மரபில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது, நோகிற இடத்தோடு பார்வையை நிறுத்தாத பழக்கம். முழங்காலின் முன்பக்கம் நோகிறது என்று வரும் ஓட்டக்காரரை ஒற்றைக்காலில் நிற்கவைத்து மெல்லக் குந்தச் சொல்லுங்கள். முழங்கால் உள்ளே சாய்ந்தால் இடுப்புத் தசையையும் சோதிக்க வேண்டும். விட்டுவிட வேண்டியது, "எலும்பு விலகிப்போச்சு, தட்டி ஏத்திட்டேன்" என்ற பேச்சு. அப்படி எதுவும் விலகியிருப்பதில்லை. கையாளுகை சில மணி நேரமோ சில நாளோ நோவைத் தணிக்கும். அந்த இடைவெளியில் தசையைப் பலப்படுத்தத் தொடங்காவிட்டால் அவர் அடுத்த கிழமை அதே நோவோடு திரும்பி வருவார்.

முன்கூட்டியே கையாளுகை செய்தால் காயம் வராது என்பதற்கு வலுவான சான்று இல்லை. 2013இல் அமெரிக்க ஒஸ்டியோபதிச் சங்கத்தின் இதழில் கல்லூரி ஓட்ட வீரர்களைப் பற்றி ஓர் ஆய்வு வந்தது. ஆண்களிடம் அழுத்த முறிவு, அதாவது திரும்பத் திரும்ப விழும் சுமையால் எலும்பில் வரும் வெடிப்பு, குறைந்ததாக அது சொன்னது. ஒப்பிட்டது முந்தைய ஆண்டுகளின் கணக்கோடுதான். சிகிச்சை பெறாத குழு ஒன்றை அருகே வைத்து அல்ல. பயிற்சியாளரோ பயிற்சியோ மாறியிருந்தாலும் அப்படி ஒரு கணக்கு வரும்.

இனி என் சொந்தத் தவறு ஒன்று. பல வருடங்களுக்கு முன், கிரவல் வீதியில் ஓடிப் பழகிய பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் கணைக்கால் நோவோடு வந்தான். வீட்டில் நோ எண்ணெய் பூசி உருவியிருந்தார்கள். நானும் உருவினேன், என்னுடையது படித்த உருவல் என்ற நினைப்பில். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்றதும் ஓடலாம் என்றேன். அடுத்த கிழமை நொண்டிக்கொண்டு வந்தான். அழுத்த முறிவு.

அன்று நான் செய்யாத சோதனைக்கு ஒரு நிமிடம் போதும். கணைக்கால் எலும்பின் உள்விளிம்பில் பெருவிரலை வைத்து மேலிருந்து கீழே கொஞ்சம் கொஞ்சமாக அழுத்திக்கொண்டு வாருங்கள். நோவு ஐந்து சென்ரிமீற்றருக்கு மேல் பரவியிருந்தால் பெரும்பாலும் ஓட்டத்தைக் குறைத்து, கெண்டைத் தசையைப் பலப்படுத்தினால் ஆறும். நாணயம் அளவான ஒரே இடத்தில் அழுத்தியதும் பிள்ளை காலை இழுத்துக்கொண்டால், இரவிலும் நோகிறது என்றால், கையை எடுத்துவிடுங்கள். உருவலும் வேண்டாம், பத்தும் வேண்டாம்; வைத்தியசாலைக்கு அனுப்புங்கள். முதல் இரண்டு மூன்று கிழமை எக்ஸ்ரே சுத்தமாகவே இருக்கலாம், எம்.ஆர்.ஐ. தேவைப்படலாம். கவட்டில் நோகிறது என்று ஓட்டக்காரர் சொன்னால் ஒற்றைக்காலில் துள்ள வைத்துப் பார்க்கக்கூட வேண்டாம், தொடை எலும்பின் கழுத்தில் அழுத்த முறிவாக இருக்கக்கூடும். பெண்பிள்ளை என்றால், எலும்பு பலவீனப்பட்டிருக்கக்கூடுமா என்று அறிய, மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா, காலையில் சாப்பிட்டுவிட்டா ஓடுகிறாள் என்று தெரிய வேண்டும். நமக்குக் கேட்கக் கூச்சமாக இருந்தால் தாயிடமோ தாதியிடமோ சொல்லிக் கேட்பிக்கலாம், கேட்காமல் விடக்கூடாது.

குதிநாண் நோவுக்கு 1998இல் சுவீடனின் அல்பிரெட்சன் குழு சொன்ன பயிற்சிக்கு ஒரு வாசற்படி போதும். முன்பாதத்தைப் படியின் விளிம்பில் வைத்துக் குதிக்காலை மெல்லக் கீழே இறக்குவது: முழங்காலை நிமிர்த்தி ஒரு வகை, மடித்து ஒரு வகை. ஒவ்வொன்றும் பதினைந்து தடவை, மூன்று சுற்று, நாளுக்கு இருமுறை, பன்னிரண்டு கிழமை. நாளுக்கு 180 இறக்கம் என்று சொன்னால் பாதிப் பேர் மறுநாள் வரமாட்டார்கள். தாங்கும் அளவுக்குச் செய்தாலும் பலன் ஏறக்குறைய ஒன்றுதான் என்று பின்னர் வந்த ஆய்வு காட்டியது, அதைச் சொல்லி அனுப்புங்கள். அந்தப் பன்னிரண்டு கிழமையும் கல்லடிக் கடற்கரை மணலில் ஓட்டம் வேண்டாம். மெத்தென்ற மணலில் குதி புதைந்து நாண் கூடுதலாக இழுபடும்.

தடுப்பைப் பொறுத்தவரை, ஓடுமுன் பத்து நிமிடம் நின்றபடி தசையை இழுத்துப் பிடிப்பதால் பெரிய பலன் இல்லை. 2000இல் வெளிவந்த அவுஸ்திரேலிய இராணுவ ஆய்வில் 1,538 புதிய சிப்பாய்களிடம் அது காயத்தைக் குறைக்கவில்லை. 2025இல் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட ஓட்டக்காரர்களைப் பின்தொடர்ந்த ஆய்வு வேறொன்றைக் காட்டியது. கடந்த முப்பது நாளில் ஓடிய மிக நீண்ட தூரத்தைவிட ஒரே ஓட்டத்தில் பத்து வீதத்துக்கு மேல் கூட்டியவர்களுக்கே காயம் அதிகம் வந்தது. மழைக்காலம் முழுதும் ஓடாத நமது பிள்ளைகளுக்குப் பயிற்சி தொடங்கும் நாளில் முப்பது நாள் கணக்கு பூச்சியம்.

2024 மார்ச்சில் திருக்கோவிலில் பாடசாலை மரதன் ஓடிய மாணவன் ஒருவன் உயிரிழந்ததையும் மறக்கவில்லை. காலில் காயம் மட்டுந்தான் நமது வேலை என்று நாம் ஒதுங்கி நிற்க முடியாது. வெயில் ஏறுமுன் ஓட்டம் முடிய வேண்டும், வழிநெடுகத் தண்ணீர் இருக்க வேண்டும், மயங்கி விழுபவரை உடனே ஏற்றிச் செல்ல வாகனம் நிற்க வேண்டும்.

பரியாரியாரோ இயன்மருத்துவரோ, இந்த மார்கழியில் மழை விட்ட ஒருநாள் உங்கள் ஊர்ப் பாடசாலையின் உடற்கல்வி ஆசிரியரைப் போய்ப் பாருங்கள். மண்டபத்திலோ தாழ்வாரத்திலோ துள்ளலும் படியேற்றமும் இப்போதே தொடங்கவும், மரதனை மாசிக் கடைசிக்குத் தள்ளவும் கேளுங்கள். தை பிறந்தபின் போனால், நாள் குறித்தாயிற்று என்பார்.