கடல்நீர் மீன்தொட்டி வைக்கப் போறீங்களா? ஆறு வாரம் வெறும் தண்ணியைப் பார்த்துக்கிட்டு இருக்க முடியுமா?

போன வாரம் என் வீட்டு மீன்தொட்டி போட்டோ ஒண்ணு போட்டேன். ரெண்டு கோமாளி மீன், நாலஞ்சு சாஃப்ட் கோரல். அதுக்குக் கீழே வந்த கேள்விகள் மூணே வகைதான். எவ்வளவு ஆகும்? எங்க வாங்கறது? இந்த ஞாயித்துக்கிழமையே செட் பண்ணிடலாமா?

மூணாவது கேள்விக்குத்தான் இந்த இழை. பதில்: முடியாது. ஏன்னு சொல்றதுக்குக் கொஞ்சம் நீளமா எழுத வேண்டியிருக்கு. டீ போட்டுக்கிட்டு உட்காருங்க.

முதல்ல ஒரு ஒப்புதல் வாக்குமூலம். நான் மீன்வளம் படிச்சவன் இல்லை. அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கும் எம்பிபிஎஸ் டாக்டர், அவ்வளவுதான். நாலு வருஷம் முன்னாடி ஒரு கடையில் போய் ரெண்டடித் தொட்டி, உப்பு, லைட், ரெண்டு கோமாளி மீன் எல்லாத்தையும் ஒரே நாளில் வாங்கிட்டு வந்தேன். "இந்த பாக்டீரியா பாட்டிலை ஊத்துங்க சார், இன்னைக்கே மீன் விடலாம்"னு கடைக்காரர் சொன்னார். ஊத்தினேன். விட்டேன். நாலாம் நாள் நைட் ட்யூட்டி முடிஞ்சு காலையில் வீட்டுக்கு வந்தா ரெண்டு மீனும் மேலே மிதக்குது. சாகறதுக்கு முந்தின நாள் பூரா தண்ணி மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கிட்டு இருந்துச்சு. பசின்னு நினைச்சு நான் இன்னும் ரெண்டு சிட்டிகை சாப்பாடு போட்டிருந்தேன்.

மூச்சுத் திணறி வர்ற பேஷண்டுக்குப் பசிக்குதுன்னு இட்லி குடுத்த கதைதான் அது.

என்ன நடந்துச்சுன்னு புரிய, நம்ம உடம்பையே எடுத்துக்கோங்க. புரதம் செரிக்கும்போது அம்மோனியா உண்டாகும். அது விஷம். நம்ம லிவர் அதை யூரியாவா மாத்திடும், கிட்னி வெளியே தள்ளிடும். லிவர் சுருங்கிப் போனவங்க சில சமயம் பெத்த பிள்ளையையே அடையாளம் தெரியாம குழம்பிப் போய் வார்டுக்கு வர்றதைப் பார்த்திருப்பீங்க. அதில் பெரிய பங்கு இந்த அம்மோனியாவுக்குத்தான்.

மீன் அம்மோனியாவைச் செவுள் வழியா அப்படியே தண்ணியில் விட்டுடும். கடலில் அது கரைஞ்சு போயிடும். உங்க வீட்டு எழுபத்தஞ்சு லிட்டரில் எங்கே போகும்? திரும்ப அதே மீனுக்குத்தான் போகும். நன்னீர்த் தொட்டியை விடக் கடல்நீரில் பிஹெச் அதிகம், 8.1லிருந்து 8.4 வரைக்கும் இருக்கும். பிஹெச் ஏற ஏற அம்மோனியாவின் விஷ வடிவம் கூடும். சூடு ஏறினாலும் கூடும்.

அந்தத் தொட்டிக்கு ஒரு லிவர் வேணும். அந்த லிவர் பாக்டீரியாதான். ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டா மாத்தும், இன்னொரு கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட்டா மாத்தும். நைட்ரேட் ஓரளவுக்கு இருந்தா தப்பில்லை, வாராவாரம் கொஞ்சம் தண்ணி மாத்தினா கட்டுக்குள் இருக்கும். இந்த பாக்டீரியா கல்லிலும் மணலிலும் ஒட்டி வளர நாலுலிருந்து ஆறு வாரம் ஆகும். பாட்டில் ஊத்தினா கொஞ்சம் சீக்கிரமாகலாம், ஆனா லிவர் ஒரே நாளில் முளைக்காது.

அதனால் ரெண்டாவது முறை நான் செய்தது இதுதான். உப்புத் தண்ணி கலந்து, கல்லும் மணலும் போட்டு, மோட்டாரை ஓடவிட்டு, உள்ளே ஒரே ஒரு இறால் துண்டைப் போட்டேன். அது அழுகி அம்மோனியா வரும், பாக்டீரியாவுக்கு அதுதான் சாப்பாடு. ரெண்டு நாளைக்கு ஒரு தடவை டெஸ்ட் கிட்டில் பார்த்து நோட்டில் எழுதினேன். அம்மோனியா ஏறி இறங்குச்சு. அப்புறம் நைட்ரைட் ஏறி இறங்குச்சு. முப்பத்தெட்டாம் நாள் ரெண்டும் பூஜ்யம். அந்த முப்பத்தெட்டு நாளும் வீட்டுக்கு வந்தவங்க எல்லாரும் "மீன் எங்கப்பா?"ன்னு கேட்டாங்க. எங்கம்மா மட்டும் கேட்கலை. நாத்தம் தாங்காம அந்தப் பக்கமே வரலை.

இந்தப் பொறுமை இல்லைன்னா தயவுசெஞ்சு இந்தப் பொழுதுபோக்குக்கு வராதீங்க. கோபப்படாதீங்க, நிஜமாத்தான் சொல்றேன். நன்னீர் மீனே எவ்வளவோ அழகு, கொளத்தூர் பக்கம் ஒரு நடை போய்ப் பாருங்க.

அடுத்தது, "முதல் தடவைதானே டாக்டர், சின்னதா ஒரு இருபது லிட்டர் வைக்கலாம்னு இருக்கேன்." இது நேர் தலைகீழ். பேதியில் பெரியவங்களும் வருவாங்க, அஞ்சு கிலோ குழந்தையும் வரும். எனக்கு எதைப் பார்த்தா பயம்? குழந்தையைப் பார்த்தாத்தான். கொஞ்சம் நீர் போனாலே கவிழ்ந்துடும். சின்னத் தொட்டியும் அப்படித்தான். ஒரு மீன் செத்துக் கிடந்தாலே மொத்தத் தண்ணியும் போச்சு. சின்னதுன்னு நான் சொன்னா எழுபத்தஞ்சு, நூறு லிட்டர். அதுக்குக் கீழே அனுபவசாலிகள் வைக்கட்டும்.

இனி உப்பு. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு. நாங்க ஏத்தற நார்மல் சலைனில் லிட்டருக்கு 9 கிராம்தான், கிட்டத்தட்ட நாலு மடங்கு வித்தியாசம். சமையல் உப்பைப் போட்டு 35 கிராம் ஆக்கினா அது கடல்நீர் ஆகாது. கால்சியம், மெக்னீசியம் எல்லாம் சேர்ந்த கடல் உப்புக் கலவைன்னு தனியா விக்கிறாங்க, அதுதான் வேணும். கலக்குற தண்ணி ஆர்ஓ தண்ணியா இருக்கணும். நம்ம ஊர் போர் தண்ணியில் என்னென்ன இருக்குன்னு உங்க வீட்டு பாத்ரூம் குழாயே சொல்லும்.

"கடற்கரை பக்கத்துலதான் வீடு, ரெண்டு கேன் பிடிச்சுட்டு வந்தா போதாதா?" கரையோரத் தண்ணியில் சாக்கடை சேருது, மழை பெஞ்சா உப்பு குறையுது, கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் கேனுக்குள்ளேயே செத்து அழுகுது. நான் எடுக்க மாட்டேன்.

எல்லாரும் கோட்டை விடுற இடம் ஒண்ணு இருக்கு. நம்ம ஊர் வெயிலில் தொட்டித் தண்ணி 31, 32 டிகிரி போயிடும். பவளத்துக்கு 25, 26 இருந்தா நல்லது. சில்லர் வாங்க முடியாதவங்க தண்ணி மேலே சின்ன ஃபேன் வைப்போம், ரெண்டு மூணு டிகிரி குறையும். குறையறதே தண்ணி ஆவியாகறதாலதான். என் தொட்டியில் மே மாசம் ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர் காணாமல் போகும். போறது வெறும் தண்ணி, உப்பு உள்ளேயே இருக்கும். இப்ப எதை ஊத்தி நிரப்புவீங்க?

உப்புத் தண்ணி ஊத்தினா, எழுபத்தஞ்சு லிட்டர் தொட்டியில் ஒரே வாரத்தில் 35 கிராம் 40 ஆயிடும். காய்ச்சலில் வேர்த்து நீர் வத்தி, சோடியம் ஏறிக்கிடக்கிற பேஷண்டுக்கு மேல மேல சலைன் ஏத்தற மாதிரி. ஆவியானதுக்கு ஈடு நல்ல ஆர்ஓ தண்ணி மட்டும்தான். தண்ணி மாத்தும்போதுதான் உப்புத் தண்ணி. ஒரு கோடு போட்டு வைங்க, தினமும் அந்தக் கோடு வரைக்கும் ஊத்துங்க.

மின்சாரம் பத்தி ரெண்டே வரி. ஈரக் கையோடு உப்புத் தண்ணியில் நிக்கிற விளையாட்டு இது, அந்த லைனில் ஆர்சிசிபி இல்லாம ஆரம்பிக்கவே வேண்டாம். ஒயர் பிளக்குக்குக் கீழே தொங்கி வளைஞ்சு மேலே ஏறணும், அப்பத்தான் ஒயர் வழியா இறங்குற தண்ணி கீழேயே சொட்டிடும். பவர் கட்டுக்கு பேட்டரியில் ஓடுற ஏர் பம்ப் ஒண்ணு வாங்கி வைங்க.

ஆறு வாரம் கழிச்சு என்ன விடலாம்? ரெண்டு கோமாளி மீன். அதைப் பத்தி ஒரு சுவாரசியம். எல்லாமே ஆணாத்தான் ஆரம்பிக்கும், ரெண்டில் பெரியது பெண்ணா மாறிடும். என் வீட்டம்மா இருக்காங்களே, பெருசு, அவங்க பக்கத்தில் கையை விட்டா கடிப்பாங்க. ஃபைண்டிங் நீமோ பார்த்துட்டு அந்த நீல மீன் டோரியும் வேணும்னு குழந்தைங்க கேக்கும். முடியாதுன்னு சொல்லுங்க. அது ஒரு அடி வரைக்கும் வளர்ற மீன்.

கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்க வச்சு வளர்க்கும் முறையை நம்ம நாட்டிலேயே மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டபம் மையமும், பரங்கிப்பேட்டையில் இருக்கிற அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையமும் செய்து காட்டியிருக்காங்க. அதனால் "வளர்த்த மீனா, கடலில் பிடிச்சதா?"ன்னு கேட்டு வாங்குங்க. பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா பக்கம் சயனைடு அடிச்சு மயக்கிப் பிடிக்கிற வழக்கம் இருக்கு. அப்படி வந்த மீன் கடையில் நல்லா இருக்கும், உங்க வீட்டில் சாகும். நீங்க உங்களையே திட்டிக்குவீங்க.

சாஃப்ட் கோரல்னா கல் மாதிரி கூடு கட்டாத பவளம். காளான் வடிவில் ஒண்ணு, தோல் மாதிரி தடிச்ச ஒண்ணு, பச்சைப் புல் மாதிரி ஆடுற ஒண்ணு. அதன் உடம்புக்குள் இருக்கும் பாசி வெளிச்சத்தில் சாப்பாடு தயாரிச்சு அதுக்கும் ஊட்டும், அதனாலதான் லைட் முக்கியம். சூடு ஏறினா அந்தப் பாசியை வெளியே தள்ளிட்டு வெளுத்துப் போயிடும். 1998, 2010, 2016னு மன்னார் வளைகுடாவில் பெரிய அளவில் நடந்தது அதேதான். என் தொட்டியில் ஒரு மே மாசம் ஃபேன் ஓடாம நின்ன ரெண்டு நாளில் தோல் பவளம் சுருங்கி மூடிக்கிச்சு, முழுசா விரிய மூணு வாரம் ஆச்சு. கடலுக்கு ஃபேன் வைக்க முடியாது.

இங்கே நான் கறாரா இருப்பேன். கடலில் இருந்து ஒரு துண்டு கூட எடுக்காதீங்க. கல் பவளம், கடல் விசிறி, கருப்புப் பவளம் எல்லாம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001லேயே சேர்த்தாச்சு, புலி இருக்கிற அட்டவணை அது. செத்த பவளத் துண்டை வச்சிருந்தாலும் வழக்குதான். "லைவ் ராக்"னு கடையில் காட்டுறதும் பெரும்பாலும் பழைய பவளக் கல்தான். எனக்குத் தெரிஞ்ச மீனவர் அண்ணன் ஒருத்தர் "டாக்டருக்கு இல்லாததா, ரெண்டு கல்லு எடுத்தாறேன்"னு பாசமா சொன்னார். மாட்டினா அவருக்குத்தான் ஜெயில், எனக்கு இல்லை. செயற்கைக் கல் வாங்கினேன், ஆறு மாசத்தில் பாசி படிஞ்சு வித்தியாசமே தெரியலை. கோரலும் ஏற்கெனவே வளர்க்கிறவங்க தொட்டியில் வெட்டி வளர்த்த துண்டுதான் வாங்குவேன். எங்கிருந்து வந்ததுன்னு கடைக்காரர் சொல்லலைன்னா வாங்காம வந்துடுங்க.

இனி டாக்டரா ரெண்டு விஷயம்.

போன வருஷம் ஓபியில் இருபது சொச்சம் வயசுத் தம்பி. வலது கை விரலில் ஒரு கட்டி, ஆறாத புண். மேலே புறங்கையில் வரிசையா இன்னும் ரெண்டு. அஞ்சு மாசமா மூணு வகை ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டாச்சு. "தம்பி, வீட்டுல மீன்தொட்டி இருக்கா?"ன்னு கேட்டேன். ஆச்சரியமாப் பார்த்தார். இருந்துச்சு. மைக்கோபாக்டீரியம் மரைனம்னு ஒரு கிருமி, காசநோய்க் கிருமிக்குச் சொந்தக்காரன், மீன்தொட்டியில் இருக்கும். கையில் கீறல் இருந்தா உள்ளே போயிடும். தோல் பிரிவுக்கு அனுப்பி, சதைப் பரிசோதனை செய்து, மாசக்கணக்கில் மருந்து சாப்பிட்டுச் சரியாச்சு. எனக்கு மீன்தொட்டி இல்லாம இருந்திருந்தா அந்தக் கேள்வியை நானும் கேட்டிருப்பேனான்னு தெரியலை. கையில் காயம் இருக்கும்போது கையுறை இல்லாம உள்ளே விடாதீங்க. ஆறாத புண் வந்தா, டாக்டர் கேக்கலைன்னாலும் "எங்க வீட்டுல மீன்தொட்டி இருக்கு"ன்னு நீங்களே சொல்லுங்க.

இன்னொண்ணு, ஜோயாந்திட் வகைப் பவளம். பூப்பூவா, ரொம்ப அழகு, விலையும் குறைவு, புதுசா வர்றவங்க முதல்ல வாங்குறதே அதைத்தான். அதில் சில வகையில் பாலிடாக்சின்னு கொடிய விஷம் இருக்கு, மாத்து மருந்து கிடையாது. அது ஒட்டியிருக்கிற கல்லைக் கொதிநீரில் போடறது, பிரஷ் வச்சுத் தேய்க்கிறது, ரெண்டும் கூடாது. 2018ல் இங்கிலாந்தில் ஒருத்தர் வீட்டுத் தொட்டிப் பவளத்தைச் சுத்தம் செய்யப் போய்க் குடும்பத்தோட ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். குழந்தைங்க இருக்கிற என் வீட்டில் அது கிடையாது.

மீனுக்கு வெள்ளைப் புள்ளி வந்தா மெடிக்கலில் டெட்ராசைக்ளின் வாங்கிப் போடச் சொல்லி வீடியோ சுத்துது. அது ஒட்டுண்ணி, ஆன்டிபயாட்டிக் ஒண்ணும் செய்யாது. ஆனா நீங்க ஆறு வாரம் வளர்த்த லிவரைக் கெடுத்துடும். தாமிர மருந்து வேலை செய்யும், பவளத்தையும் இறாலையும் கொன்னுடும். புது மீனைத் தனித் தொட்டியில் நாலு வாரம் வச்சுப் பார்த்துட்டு விடுங்க, வைத்தியமும் அங்கேயே.

முதல் கேள்விக்குப் பதில்: சில்லர் இல்லாம எனக்கு முதல் ஆறு மாசத்தில் நாப்பதாயிரத்தைத் தாண்டிடுச்சு. வீட்டில் சொன்னது இருபத்தஞ்சு. இந்த இழையை யாரும் எங்க வீட்டுக்கு அனுப்ப வேண்டாம்.

இன்னைக்கு நைட் ட்யூட்டி. சந்தேகம் இருந்தா கீழே கேளுங்க, கேஸ் இல்லாத நேரமாப் பார்த்துப் பதில் சொல்றேன். யாராவது இன்னைக்குத் தண்ணி நிரப்பினா தேதியை எழுதி வச்சுக்கோங்க.