"ஒன்றுமில்லை" என்னும் தீர்ப்பு

நெஞ்சு படபடக்கிறது, மூச்சு முட்டுகிறது, இதோ உயிர் பிரிந்துவிடும் என்ற அச்சத்தோடு ஒரு பெண்மணி குடும்ப மருத்துவரிடம் ஓடுகிறார். ஈ.சி.ஜி. எடுக்கப்படுகிறது. இதயம் சீராகவே இருக்கிறது. "உங்களுக்கு ஒன்றுமில்லை அம்மா, வீணாகக் கவலைப்படாதீர்கள்" என்கிறார் மருத்துவர். ஒன்றுமில்லையா? அப்படியானால் இரவில் விழுங்க ஆல்பிரசோலம் எதற்கு?

கவலையே நோயாகிவிட்டவரிடம் கவலைப்படாதே என்பது, காய்ச்சல்காரரிடம் உடம்பு சுடக்கூடாது என்று கட்டளையிடுவதற்கு ஒப்பாகும். மாத்திரையோ அன்றிரவு அமைதி தரும். தொடர்ந்து விழுங்கினால் சில வாரங்களிலேயே உடலை அடிமைப்படுத்தவும் கூடும். திடீரென நிறுத்தினால் பதற்றம் முன்னிலும் மூர்க்கமாய்த் திரும்பும். சிலருக்கு வலிப்பும் வரலாம். 2014 முதல் இதன் விற்பனையை மருந்துக் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் குறித்து வைக்கவேண்டும் என்பது சட்டம். சட்டம் அறிந்த ஆபத்தைச் சீட்டெழுதும் கை அறியாதா?

நேரமில்லை என்பார்கள். வெளியே நாற்பது பேர் காத்திருப்பது மெய்தான். ஆயினும், பதற்ற நோயை அடையாளம் காண ஏழே வினாக்கள் கொண்ட தாளொன்று 2006-லேயே வெளிவந்துவிட்டது. கடந்த இரண்டு வார நிலையை அது கேட்கிறது. 21-க்கு 10 மதிப்பெண் வந்தால் மருத்துவர் மேலும் விசாரிக்கவேண்டும். காத்திருக்கும் பலகையில் அமர்ந்தே நிரப்பிவிடலாம்!

பிறகு நோயாளியோடு பேசுவது யார்? கோவாவில் நடந்த 'மானஸ்' ஆய்வு, 2010-இல் இதற்கு விடை தந்தது. மருத்துவம் படிக்காத உள்ளூர்ப் பட்டதாரிகளுக்கு இரண்டு மாதப் பயிற்சி அளித்து, மனச்சோர்வும் பதற்றமும் உடையோருக்கு ஆலோசகர்களாக அமர்த்தினார்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில், வழக்கமான சிகிச்சை பெற்றோரைவிட இவர்களிடம் வந்தோரில் அதிகம் பேர் தேறினர். தனியார் மருத்துவர்களிடம் மட்டும் அந்த வேறுபாடு தென்படவில்லை. அங்கே வழக்கமான சிகிச்சையிலேயே ஏறத்தாழ அதே அளவினர் தேறினர். குடும்பத்தையே அறிந்து, நின்று பேசும் மருத்துவருக்குத் துணை ஆலோசகர் தேவைப்படவில்லை போலும். ஆகவே முடியாது என்ற வாதம் எடுபடாது.

பதற்றத்துக்கு முறையான பேச்சுச் சிகிச்சை உண்டு. அடிமைப்படுத்தாத மருந்துகளும் உண்டு. அவை பலன்தரச் சில வாரங்கள் ஆகும் என்பதை முதல் நாளே சொல்லவேண்டும். சொல்லாததால் பத்தாம் நாளில் குப்பைக்குப் போன மாத்திரைகள் எத்தனையோ!

ஏற்கெனவே தூக்க மாத்திரையில் இருப்போர் இதைப் படித்துவிட்டு இன்றே நிறுத்திவிட வேண்டாம். சீட்டை எடுத்துக்கொண்டு அதை எழுதியவரிடமே செல்லுங்கள். இது எத்தனை நாளைக்கு, படிப்படியாக எப்படிக் குறைப்பது, என் நோயின் பெயர் என்ன என்று கேளுங்கள். விடை வரும்வரை நாற்காலியை விட்டு எழாதீர்கள்.