பறக்கும் மாளிகையும் தூளிக் கம்பும்

கச்சிராயபாளையத்துத் தேநீர்க் கடையில் ஏடு படிக்கும் வழக்கம் இன்னும் அற்றுப் போய்விடவில்லை. ஒருவர் உரக்கப் படிப்பார், நால்வர் கேட்பர், ஐந்தாமவர் குறுக்கே கேள்வி போடுவார். 2025 மே மாதத்தில் ஒரு நாள் காலை அங்கே படிக்கப்பட்ட செய்தி இது: அமெரிக்க அதிபர் டிரம்ப் பயணம் செய்வதற்கென்று கத்தார் அரசு ஒரு போயிங் 747 விமானத்தைப் பரிசாகத் தருகிறதாம், அதன் மதிப்பு 40 கோடி டாலராம்!

கடுக்காய் மூட்டையோடு மலையிலிருந்து இறங்கி வந்திருந்த பெரியவர் ஒருவர், "அதிலே எத்தனை பேர் குந்தலாம்?" என்று கேட்டார். சாதாரணமாக நானூறு பேர் போகக்கூடிய விமானம், அதிபருக்கு என்றால் சில பத்துப் பேர்தான் என்று படித்தவர் விளக்கினார். பெரியவர் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அப்போ மிச்ச இடத்திலே என்னத்தை ஏத்துவாங்க?" என்றார். கடை முழுதும் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை, தோழர்களே! கேட்க வேண்டிய கேள்வியை அவரல்லவா கேட்டார்!

விமானத்துக்கும் நம் பக்கத்துக்கும் சம்பந்தமே கிடையாது என்று எண்ணிவிடாதீர்கள். இதே மாவட்டத்தில், உளுந்தூர்பேட்டையில், இரண்டாம் உலகப் போரின்போது வெள்ளைக்காரன் விமானத் தளம் போட்டான். போர் முடிந்தது, விமானங்கள் போயின, ஓடுதளம் கிடந்தது. இன்றைய இளைஞர்களிடம் சொன்னால் கேலி செய்கிறோம் என்று நினைப்பார்கள். அந்தப் போர்தான் நாடாளும் தலைவர்களையும் வானில் ஏற்றியது. 1943 ஜனவரியில் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட், சர்ச்சிலைச் சந்திப்பதற்காக வட ஆப்பிரிக்காவின் காசாபிளாங்காவுக்கு விமானத்தில் போனார். பதவியில் இருந்துகொண்டே வானில் பறந்த முதல் அமெரிக்க அதிபர் அவரே. அதுவும் சொந்த விமானத்திலா? இல்லை. ஒரு தனியார் கம்பெனியின் கடல் விமானத்தில்! அதன் பிறகுதான் தனி விமானம், தனிப் படுக்கை, தனி மேசை எல்லாம் வந்தன.

'ஏர் ஃபோர்ஸ் ஒன்' என்கிறார்களே, அது ஒரு விமானத்துக்கு வைத்த பெயர் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கதை வேறு. 1953-இல் அதிபர் ஐசனோவர் பயணம் செய்த விமானத்தின் எண் 8610. அதே வான்வெளியில் ஒரு பயணிகள் விமானமும் 8610 என்ற எண்ணோடே வந்து சேர்ந்தது. தரையிலிருந்து பேசுகிறவர்களுக்கு எது எவர் விமானம் என்று புரியாத குழப்பம். அதற்குப் பிறகுதான், அதிபர் ஏறியிருக்கும் விமானப்படை விமானத்தை 'ஏர் ஃபோர்ஸ் ஒன்' என்று அழைப்பது என்று முடிவு கட்டினார்கள். ஆகவே அது விமானத்தின் பெயராகாது. ஏறியிருக்கும் பதவியின் பெயர்.

இதை ஒரு மனிதர் வானத்திலேயே அனுபவித்தார். 1974 ஆகஸ்ட் 9-ஆம் நாள், பதவி விலகிய நிக்சன் கலிஃபோர்னியாவிலுள்ள தம் வீட்டுக்குப் பறந்துகொண்டிருக்கிறார். நண்பகலில், தலைநகரில் ஃபோர்டு பதவி ஏற்கிறார். அந்த நிமிடமே விமானி கீழே செய்தி சொல்கிறார் — இனி இந்த விமானத்தின் பெயர் 'ஏர் ஃபோர்ஸ் ஒன்' இல்லை, வெறும் 27000 என்று! அதே விமானம், அதே நாற்காலி, அதே மனிதர். ஆனால் பெயர் பறந்துபோய்விட்டது. பதவி யாருடைய உடைமை என்பதை அந்த விமானி ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டார். நம் மேடைகளில் ஒரு மணி நேரம் பேசினாலும் இவ்வளவு தெளிவாகச் சொல்ல முடியுமா என்பது சந்தேகம்தான்!

நம் நாட்டுக்கு வருவோம். தில்லி பாலம் விமான நிலையத்தில், குடியரசுத் தலைவரையும் பிரதமரையும் சுமப்பதற்கென்றே விமானப்படையின் ஓர் அணி இருக்கிறது. 2009-இல் அதற்கு மூன்று போயிங் 737 விமானங்கள் வந்தன. ராஜதூத், ராஜஹம்சம், ராஜகமல் என்று பெயர். குடியரசு நாட்டின் விமானங்களுக்கு மூன்றிலும் 'ராஜ'! தூர தேசப் பயணத்துக்கு ஏர் இந்தியாவின் 747 விமானம் ஒன்றை எடுத்து, நாற்காலிகளை மாற்றிப் போட்டு அனுப்புவது அந்நாளைய வழக்கம். தலைவர் திரும்பி வந்ததும் அது மறுபடியும் பொது மக்களைச் சுமக்கப் போய்விடும். 2020-இல் அந்த வழக்கம் மாறியது. தலைவர்களுக்கு மட்டுமே என்று இரண்டு போயிங் 777 விமானங்கள் வாங்கப்பட்டன. முதலாவது அக்டோபர் மாதத்தில் தில்லி வந்து இறங்கியது. ஏவுகணை துரத்தினால் அதைத் திசை திருப்பிவிடும் கருவி உட்படப் பல காவல்கள் அதில் உண்டு. இரண்டுக்குமாக ஏறத்தாழ 8,400 கோடி ரூபாய் என்பது அப்போது ஏடுகளில் வெளிவந்த கணக்கு. ஊரடங்கில் வேலை இழந்த தொழிலாளி, மூட்டையைத் தலையில் வைத்து, பிள்ளையைத் தோளில் வைத்து, நெடுஞ்சாலையில் நூற்றுக்கணக்கான மைல் நடந்த ஆண்டும் அதே 2020தான். இன்னொன்றும் நடந்தது. 2022 ஜனவரியில் ஏர் இந்தியா டாட்டா கம்பெனியின் கைக்குப் போயிற்று. மக்களைச் சுமந்த விமானங்கள் விற்பனையாயின. தலைவர்களைச் சுமக்கும் விமானங்கள் மட்டும் சர்க்காரிடம் தங்கின!

உடனே, "தலைவருக்குப் பாதுகாப்பு வேண்டாமா?" என்று சீறுவோர் உண்டு. வேண்டும். யார் வேண்டாம் என்றது? 1955 ஏப்ரலில், பாண்டுங் மாநாட்டுக்குச் செல்லும் சீனக் குழுவினருக்காக, 'காஷ்மீர் பிரின்சஸ்' என்ற நம் ஏர் இந்தியா விமானம் ஹாங்காங்கிலிருந்து புறப்பட்டது. நடுவானில் குண்டு வெடித்துக் கடலில் விழுந்தது. குறி சூ என்லாய்க்கு. அவரோ அதில் ஏறவில்லை. மாண்டவர் பதினாறு பேர். தப்பிய மூவரும் விமானப் பணியாளர்கள். 2009 செப்டம்பரில் ஆந்திர முதலமைச்சர் ராஜசேகர ரெட்டியின் ஹெலிகாப்டர் நல்லமலைக் காட்டில் விழுந்து அவரும் உடன் சென்றோரும் மாண்டனர். 2024 மே மாதம் ஈரான் அதிபர் ரைசியும் மலையில் அப்படியே மாண்டார். மோசமான வானிலையும் மலையும் பதவியைப் பார்த்து ஒதுங்குவதில்லை.

1977 நவம்பர் 4-ஆம் நாள் நடந்ததை மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பிரதமர் மொரார்ஜி தேசாய் அஸ்ஸாமிலுள்ள ஜோர்ஹாட்டுக்குப் போகிறார். 'புஷ்பக்' என்னும் ருஷ்ய விமானம். இருட்டிவிட்டது. ஓடுதளம் அகப்படவில்லை. விமானம் ஜோர்ஹாட் அருகே வயல்வெளியிலே விழுந்தது. மூக்குப் பகுதி நொறுங்கியது. முன்னறையில் இருந்த விமானப்படையினர் ஐவரும் மாண்டனர். பின்னால் இருந்த பிரதமர் உயிர் பிழைத்தார். விளக்கை ஏந்திக்கொண்டு முதலில் ஓடி வந்தவர்கள் பக்கத்துக் கிராமத்து மக்கள். ஆண்டுதோறும் தலைவர்களின் பிறந்த நாள் கொண்டாடுகிறோம். விமானம் ஓட்டிய அந்த ஐவரின் நினைவு நாளை எத்தனை பேர் அறிவோம்? தலைவரைச் சுமக்கும் விமானம் பழுதில்லாமல் இருக்க வேண்டும் என்று நான் சொல்வது தலைவருக்காக மட்டும் இல்லை. ஓட்டுகிறவனுக்கும் வீட்டில் மனைவி மக்கள் இருக்கிறார்கள்.

ஆக, விமானம் வேண்டும். நல்ல விமானமே வேண்டும். என் வழக்கு கணக்கைப் பற்றியது.

கள்ளக்குறிச்சியில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறதே, அது 2022 ஜனவரி 12-ஆம் நாள் திறக்கப்பட்ட பதினொன்றில் ஒன்று. பிரதமர் காணொலி வழியே தில்லியிலிருந்தே திறந்து வைத்தார். விமானம் ஏறவில்லை, செலவு மிச்சம்! பதினொரு கல்லூரிகளுக்கும் சேர்த்துச் செலவு சுமார் 4,000 கோடி ரூபாய். அதில் மத்திய சர்க்காரின் பங்கு 2,145 கோடி, மீதி தமிழ்நாட்டினுடையது. கணக்குப் போடத் தெரிந்த தோழர் எவரும் போட்டுப் பார்க்கலாம். இரண்டு விமானங்களின் விலையில் இருபத்திரண்டு மருத்துவக் கல்லூரிகள் கட்டி முடித்த பிறகும் கையில் 400 கோடி மிஞ்சுகிறது. அந்த மிச்சத்தை என்ன செய்யலாம் என்று கல்வராயன் மலைக்காரரைக் கேட்டால் உடனே சொல்வார்.

செலவைக் கேட்டால் சொல்கிறார்களா? ஓய்வு பெற்ற கடற்படை அதிகாரி ஒருவர், 2013 முதல் பிரதமர்கள் — மன்மோகன் சிங், மோடி இருவருமே — சென்ற வெளிநாட்டுப் பயணங்களின் சிறப்பு விமான விவரங்களைத் தகவல் உரிமைச் சட்டப்படி கேட்டார். 2020-இல் மத்தியத் தகவல் ஆணையம் கொடுக்கச் சொல்லிற்று. விமானப்படை தில்லி உயர்நீதிமன்றத்துக்குப் போய், பாதுகாப்புக்குக் கேடு என்று வாதாடித் தடை வாங்கியது. வரப்போகும் பயணத்தின் பாதையை மறைப்பது பாதுகாப்பு, ஒப்புக்கொள்கிறேன். முடிந்துபோன பயணத்தின் செலவில் என்ன ரகசியம்? கூலிக்காரன் தீப்பெட்டி வாங்கினாலும் அதிலே வரி இருக்கிறது. அந்த வரியில் பறந்த விமானத்தின் கணக்கை அவன் பார்த்தால் எந்த எதிரி வந்து குதிப்பான்?

வெளிநாட்டில் ஒருவர் வேறு வழி பார்த்தார். மெக்ஸிகோ அதிபராக 2018-இல் வந்த லோபஸ் ஓப்ரடோர், முன்னவர்கள் வாங்கி வைத்த போயிங் 787 விமானத்தில் ஏறவே மாட்டேன் என்றார். சாதாரண விமானத்தில் மக்களோடு உட்கார்ந்து போனார். விமானத்தை விற்கப் பார்த்தார், ஆள் கிடைக்கவில்லை. விமானத்தின் பேரால் லாட்டரிச் சீட்டுக்கூட நடத்தினார்! கடைசியில் 2023-இல் தஜிகிஸ்தான் அதை வாங்கிக்கொண்டது, சுமார் 9 கோடியே 20 லட்சம் டாலருக்கு. வாங்கிய விலையில் பாதிகூட இல்லை. விற்காமல் நின்ற காலத்துக்குப் பராமரிப்புச் செலவு வேறு. இதில் கொஞ்சம் நாடகம் இருந்தது என்றே நான் சொல்வேன். நம் தலைவர்கள் நாளைக்கே விமானத்தை ஏலம் போட வேண்டும் என்று கேட்க மாட்டேன். ஆனால் அந்தப் பணத்தை என்ன செய்யப் போவதாக அவர் அறிவித்தார் தெரியுமா? த்லாபா, துக்ஸ்தெபெக் என்னும் இரண்டு ஊர்களில் மருத்துவமனை கட்டுவதாக! இதிலே த்லாபா மலைப் பிரதேசம். பழங்குடி மக்கள் நிறைந்த ஏழைப் பகுதி. அந்த வரியைப் படித்தபோது எனக்கு வெள்ளிமலைதான் கண்முன் வந்தது.

வெள்ளிமலை, கரியாலூர், சேராப்பட்டு, இன்னாடு — பெயர்கள் எல்லாம் கேட்க இனிமை. கோமுகி அணையைத் தாண்டி ஏறினால் காற்று மாறும். பார்க்க வருகிறவர் அருவியைப் பார்த்துவிட்டு இறங்கிவிடுகிறார். அங்கே வாழ்கிற மலையாளிப் பழங்குடி மக்களின் கதை வேறு. நாடு விடுதலை பெற்றது 1947-இல். இந்த மலை ஜாகீர்தாரர் மூவரின் பிடியிலிருந்து சர்க்கார் கைக்கு வந்தது 1976-இல்! இருபத்தொன்பது ஆண்டு தாமதம். தாமதமாக வந்த விடுதலைக்குப் பின்னால் சாலையும் தாமதமாகவே வருகிறது. 108 வண்டி தமிழ்நாட்டில் 2008 முதல் ஓடுகிறது. மலைக்கும் வருகிறது. எதுவரை? சாலை முடியும் இடம் வரை. அதற்கு மேலே உள்ள குக்கிராமங்களில், பிரசவ வேதனையில் துடிக்கும் பெண்ணைப் போர்வையில் கிடத்தி, தூளி கட்டி, கம்பில் மாட்டி, முன்னால் ஒருவன் பின்னால் ஒருவன் தோள் கொடுத்து இறக்கிக் கொண்டுவருவதை ஏடுகளில் படமாகவே பார்த்திருக்கிறோம். மழைக்காலமானால் பாறையிலே கால் வழுக்கும். அந்தத் தூளிக்கு எந்த ஏவுகணைக் காவல் இருக்கிறது? முன்னால் போகிறவனின் கால் விரல்தான் காவல்!

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன பிறகுதான் இந்த மலையின் பக்கம் வெளி உலகம் திரும்பிப் பார்த்தது. சென்னை உயர்நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் நிலைமை பற்றித் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. சாலை, பஸ், பள்ளி, மருத்துவம் என்று கேள்வி கேட்டது. முதலமைச்சரோ அமைச்சரோ நேரில் போய்ப் பார்த்தால் நல்லது என்றும் நீதிபதிகள் யோசனை சொன்னார்கள். நேரில் போய்ப் பாருங்கள் என்று நீதிமன்றம் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது என்பதைக் கவனியுங்கள், தோழர்களே! எந்தக் கட்சி ஆண்டாலும் எந்தத் தலைவர் பறந்தாலும் வழக்கு ஒன்றுதான்.

கிளைத் தோழர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். கொடி கட்டுவதை ஒரு வாரம் ஒத்திப் போடுங்கள். மலைக்கு ஏறுங்கள். ஒவ்வொரு குக்கிராமத்திலும், வண்டி வந்து நிற்கும் இடத்திலிருந்து கடைசி வீடு வரை எத்தனை தூரம் என்று நடந்தே அளந்து எழுதுங்கள். நடுவில் ஓடை உண்டா, பாலம் உண்டா, மழையில் எத்தனை நாள் வழி அடைபடும், சென்ற ஆண்டு எத்தனை தூளி இறங்கிற்று என்று வீடு வீடாகக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு படி மாவட்ட ஆட்சியருக்கு, ஒரு படி சட்டமன்ற உறுப்பினருக்கு, ஒரு படி நாடாளுமன்ற உறுப்பினருக்கு. அந்த மூன்றாவது படியோடு, தலைவர்களின் விமானச் செலவை ஆண்டுதோறும் அவையில் வைக்கச் சொல்லி ஒரு கேள்வியும் எழுதிக் கொடுங்கள்.

கடுக்காய் மூட்டைக்காரர் எந்த ஊர் என்று சரியாகக் கேட்டு வைத்துக்கொள்ளாமல் விட்டது என் பிழை. கரியாலூருக்கு மேலே, பஸ்ஸை விட்டு இறங்கி நடக்க வேண்டும் என்று மட்டும் சொன்னார். அங்கிருந்தே தொடங்குங்கள்.