கடல் பாதையும் லாபக் கணக்கும்

அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத் தலைநகர் ஜூனோ. அந்த ஊருக்கு வெளியூரிலிருந்து சாலை கிடையாது. மலையும் பனியும் மறிக்கின்றன. அங்கே கடலே பாதை; கப்பலே பஸ்.

1960-ல் அந்த மாநில மக்கள் வாக்களித்து, 1 கோடியே 80 லட்சம் டாலர் பொதுக் கடன் திரட்டச் சம்மதித்தார்கள். அப்படி வந்த கப்பல்களில் ஒன்று ‘டாக்கு’. 1963 முதல் 2015 வரை கரையோர ஊர்களுக்கு ஆட்களையும் வண்டிகளையும் சுமந்தது.

பிறகு சர்க்கார் செலவைக் காட்டி அதை நிறுத்தியது. 2018-ல் 1,71,000 டாலருக்கு விற்றது. நமது குஜராத்தின் அலங் கரையில் அது உடைபட்டது. ஒரிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் பிழைக்க வந்த கூலித் தொழிலாளிகள் உயிரைப் பணயம் வைத்து இரும்பு வெட்டும் கரை அது.

2019 ஜூலையில் அலாஸ்காவின் கப்பல் தொழிலாளிகள் நியாயமான ஒப்பந்தம் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். 1977-க்குப் பிறகு அதுவே முதல் முறை. ஒப்பந்தம் கண்ட பிறகே வேலைக்குத் திரும்பினார்கள். ஆனால் அதே ஆண்டு சர்க்கார் கப்பல் நிதியை வெட்டியது. சாலையே இல்லாத கொர்டோவா என்ற மீன்பிடி ஊர், அந்தக் குளிர்காலத்தில் மாதக்கணக்கில் கப்பலின்றித் தவித்தது.

தார் ரோடு என்ன லாபம் தந்தது என்று எந்த மந்திரியாவது கேட்டதுண்டா? கப்பலிடம் மட்டும் ஏன் கேட்க வேண்டும்? வசதி படைத்தவன் விமானத்தில் பறப்பான். உழைப்பவனுக்கு வேறு வழி ஏது?

பழைய கப்பலுக்கு ஓய்வு தரலாம். மக்களின் பாதைக்கு ஓய்வு தரலாமா? கூடாது என்கிறோம் நாம். கப்பலை ஓட்டியவனும் தொழிலாளி, உடைத்தவனும் தொழிலாளி. இருவருக்கும் நியாயம் ஒன்றே!