மேகமூட்டமான ஒரு சனிக்கிழமை



மாசி மாதத்தின் முதல் ஞாயிறு. ஆராதனை முடிந்து மண்டபத்தில் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றபோது நமது வாலிபர் குழுவிலுள்ள ஒரு பிள்ளை ஓடி வந்தாள். "அங்கிள், ஹாஃப் டேர்ம் சனிக்கிழமை ஃப்ரீயா? உங்கட கமராவும் வேணும், நீங்களும் வேணும்."

ஏ லெவலில் மீடியா ஸ்டடீஸ் படிக்கிறாள். பாடவேலைக்காக ஒரு புதிய இசைச் சஞ்சிகையை அவளே வடிவமைக்க வேண்டும்: முன்னட்டை, உள்ளடக்கப் பக்கம், நடுவில் இரட்டைப் பக்கக் கட்டுரை. இணையத்தில் எடுத்த படம் எதுவும் கூடாது, எல்லாம் அவளே எடுத்ததாக இருக்க வேண்டும். ஆனால் படத்தில் நிற்பவரும் பலகை பிடிப்பவரும் வேறு ஆட்களாக இருக்கலாம், அவள் சொல்கிறபடி செய்தால் சரி. ஆகவே கமராவைக் கொடுத்துவிட்டு நான் பை சுமக்கிறேன் என்று ஒப்புக்கொண்டேன். பட்டனை நான் தொடுவதில்லை என்பது பேச்சு. அன்று முழுவதும் என் விரல் துடித்ததை ஆண்டவர் அறிவார்.

அவளுடைய சஞ்சிகை, தேவாலயத்தில் பாடிப் பழகிய புலம்பெயர்ந்த வீட்டுப் பிள்ளைகளுக்கானது. கொஸ்பலும் ஆர் அன்ட் பியும் கலந்தது. அட்டைக்கு அவள் தெரிந்தெடுத்தவள் நமது பாடகர் குழுவில் ஆல்டோ பாடும், கிட்டாரும் வாசிக்கும் அவளுடைய சிநேகிதி. வயது பதினேழு.

திட்டம் என்று ஒரு தாள் காட்டினாள். அதில் "கிட்டார், லெதர் ஜக்கெட், கிராஃபிட்டி, வைப்" என்று நான்கு சொற்கள் இருந்தன. நேரம் இல்லை, மழை பெய்தால் எங்கே போவது என்பது இல்லை, எத்தனை படம் தேவை என்பதும் இல்லை. 1969 ஆகஸ்ட் 8 அன்று பீட்டில்ஸ் குழுவினர் அபி ரோட்டில் வீதியைக் கடந்த அந்தப் படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். இயன் மக்மில்லன் ஏணியில் ஏறி நின்று, பொலிஸ்காரர் வாகனங்களை நிறுத்தி வைக்க, ஏறத்தாழப் பத்து நிமிடத்தில் ஆறே ஆறு படம் எடுத்தார். அது பத்து நிமிடத்தில் முடிந்ததற்குக் காரணம், எப்படி வரவேண்டும் என்று போல் மக்கார்ட்னி முன்கூட்டியே தாளில் கீறி வைத்திருந்ததுதான். "நீயும் கீறு" என்றேன். தனக்குக் கீற வராது என்றாள். ஈர்க்குக் குச்சி மனிதர் போதும் என்றேன்.

அட்டை கீறும்போதுதான் யோசனை பிறந்தது. படம் நெடுக்காக இருக்க வேண்டும். மேலே கால்வாசி இடம் சஞ்சிகையின் பெயருக்கு. கடையில் புத்தகங்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடக்கும்போது இடப்பக்க ஓரம்தான் தெரியும் என்பதால் முக்கிய தலைப்புகள் அந்தப் பக்கம் வரும். ஆகவே ஆள் சற்று வலப்பக்கம் நிற்க வேண்டும். கண் நேரே நம்மைப் பார்க்க வேண்டும். இதெல்லாம் அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது, படிக்கிற பிள்ளைதானே. நான் சொல்லிக் கொடுத்தது ஒன்றுதான்: இரட்டைப் பக்கப் படத்தில் முகத்தை நடுவில் வைத்தால் தாள் மடிகிற இடத்தில் மூக்கு போய்விடும்.

நல்ல கமரா இல்லையே என்று பின்வாங்கும் பிள்ளைகளுக்கு இதையும் சொல்லி வைக்கிறேன். ஏ4 தாளில் தெளிவாக அச்சிட 2480க்கு 3508 பிக்ஸல் போதும். பன்னிரண்டு மெகாபிக்ஸல் கைத்தொலைபேசி 3024க்கு 4032 தருகிறது. இரட்டைப் பக்கத்துக்குச் சற்றுக் குறையும், ஆனாலும் பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாது.

இடம் தெரிவதில் ஒரு சண்டை வந்தது. தண்டவாளத்தில் பாடகி உட்கார்ந்திருப்பது போன்ற ஒரு படத்தை எங்கோ பார்த்துவிட்டு அதேபோல் வேண்டும் என்றாள். நான் ஒரேயடியாக மறுத்துவிட்டேன். இந்த நாட்டில் தண்டவாளத்தில் இறங்குவது குற்றம். அது போக, தென் லண்டன் பாதைகளில் ஓரமாகப் போகும் மூன்றாவது தண்டவாளத்தில் 750 வோல்ட் மின்சாரம் ஓடுகிறது. முகம் சுருங்கியது, ஆனால் அந்த யோசனை போயிற்று. கடைசியில் வாட்டர்லூ நிலையத்தின் அடியில் இருக்கும் லீக் ஸ்ட்ரீட் சுரங்கம் என்று முடிவாயிற்று. 2008இல் பாங்ஸி அங்கே ஒரு திருவிழா நடத்தியதிலிருந்து யாரும் சட்டப்படி சுவரில் வண்ணம் தீட்டக்கூடிய இடம்.

பிறகு தாயிடம் அனுமதி கேட்கும் வேலை. தேவாலயத்தில் நாம் வாங்கி வைத்திருக்கும் புகைப்பட அனுமதிப் படிவம் தேவாலய நிகழ்வுகளுக்கு மட்டும்தான், இதற்குச் செல்லாது. ஆகவே நாங்கள் இருவரும் அந்த அக்காவின் வீட்டுக்குப் போனோம். நல்ல மனுஷி. பலகாரம் வைத்தா.

"பேப்பரில வருமோ, தம்பி?"

"இல்லை அக்கா, பள்ளிக்கூட வேலை. ரீச்சரும் பரீட்சைக்காரரும்தான் பார்ப்பினம்."

"அப்ப சரி. ஆனா வெளியில எடுத்தா பிள்ளை இன்னும் கறுத்தல்லோ தெரிவாள். கொஞ்சம் வெள்ளையா வாறமாதிரிப் பாத்து எடுங்கோ. நீங்கள் எடுக்கிற படத்தில எல்லாரும் நல்ல வெளிச்சமா இருப்பினம்."

பிள்ளை அங்கேயே, கதவடியில் நின்றுகொண்டிருந்தாள். நான் சிரித்துவிட்டு வடையை எடுத்தேன். அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் இந்த மாதம் எழுத உட்கார்ந்தேன், ஆனால் முதலில் சனிக்கிழமைக்குப் போவோம்.

மேகம் கவிந்த நாள். பிள்ளைகள் இருவரும் வானத்தைப் பார்த்துச் சோர்ந்து போனார்கள். எனக்கோ மகிழ்ச்சி. மேகம் மூடிய வானம் என்பது வெள்ளைத் துணி போர்த்திய பெரிய விளக்கு போல. கண்ணுக்குக் கீழே கறுப்பு நிழல் விழாது, கண்ணைச் சுருக்கவும் தேவையில்லை. மாசி நடுவில் லண்டனில் ஐந்து மணி கடந்து சற்று நேரத்தில் சூரியன் மறைந்துவிடும், ஆகவே ஒரு மணிக்கே போய்விட்டோம். குளிருக்கு பற்றரி சீக்கிரம் இறங்கும். மேலதிக பற்றரியை என் கோட்டின் உட்பையில், உடம்புச் சூட்டில் வைத்திருந்தேன். அன்றைக்கு எனக்கிருந்த மிகப் பெரிய பொறுப்பு அதுதான்.

சுரங்கத்தின் உள்ளே கூட்டமும் வண்ண வாசமும். மேலிருந்து விழும் விளக்கொளியில் கண் இரண்டும் குழியாகத் தெரிந்தது. அரை மணித்தியாலம் வீணாயிற்று. வெளியே வந்து வானத்தை முதுகுப்பக்கம் வைத்து எடுத்தாள். முகம் ஒரே இருட்டு. கமரா எதைப் பார்த்தாலும் அது நடுத்தரச் சாம்பல் நிறம் என்று நினைத்தே அளக்கிறது. வெள்ளை வானத்தைக் கண்டால் எல்லாவற்றையும் இருட்டாக்கும். அவள் உடனே வெளிச்சத்தை இரண்டு படி கூட்டினாள். இப்போது முகம் தெரிந்தது, ஆனால் சாம்பல் பூசியதுபோல் வெளிறி, வானமும் எரிந்து போயிற்று. சிநேகிதி எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கிட்டார் வாரைச் சரிசெய்தாள்.

இதில் பிழை அந்தப் பிள்ளையின் முகத்தில் இல்லை. கலர் பிலிம் காலத்திலிருந்தே இது நடந்து வருகிறது. 1950கள் தொடக்கம் கொடாக் நிறுவனம் படம் கழுவும் கடைகளுக்கு ஒரு மாதிரிப் படம் அனுப்பி வந்தது. அதில் இருந்தவர் வெள்ளைக்காரப் பெண். ஷெர்லி அட்டை என்று பெயர். அவருடைய தோல் சரியாக வந்தால் நிறம் எல்லாம் சரி என்று கணக்கு. கறுப்பின, பழுப்பு நிறப் பிள்ளைகள் வகுப்புப் படத்தில் பல்லும் கண்ணுமாக மட்டும் தெரிந்ததற்கு அது ஒரு காரணம். பிலிமைத் திருத்தும்படி நிறுவனத்தை நெருக்கியவர்களில் சொக்லேட் விற்பவர்களும் மரத் தளபாடம் விற்பவர்களும் இருந்தார்கள் என்பதை வாசித்தபோது எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. எங்கள் வீட்டு அல்பத்தில் அம்மாவின் கலியாணப் படத்தில் முகம் பவுடரில் ஒரு நிறம், கை இன்னொரு நிறம்.

செய்ய வேண்டியது சிக்கலானதல்ல. சுரங்கத்தின் வாசலில், ஓரடி உள்ளே, ஆளை வெளிப்பக்கம் பார்த்து நிற்க வைத்தோம். வெளியிலிருந்து மென்மையான வெளிச்சம் முகத்தில் படும், முதுகுக்குப் பின்னால் சுரங்கம் இருண்டு போகும். முகத்தை மட்டும் அளந்து, அதற்கும் மேல் ஏறத்தாழ ஒரு படி குறைத்தாள். கூட்டவில்லை, குறைத்தாள், கவனியுங்கள். கறுத்த தோலையும் நடுச்சாம்பல் என்றே நினைத்து கமரா வெளிறச் செய்யும், அதை நாம் திருப்பிக் கொண்டுவர வேண்டும். நிழலில் எல்லாம் நீலமாக வருமென்பதால் நிற அமைப்பை நிழலுக்கு மாற்றினோம். நான் வெள்ளைப் பலகையை இடப்பக்கம் பிடித்தேன். கன்னத்திலும் நெற்றியிலும் ஒரு மினுக்கம் எழுந்தது. வெளிர் தோலுக்கு நிழல் வடிவம் கொடுக்கிறது. நம்முடைய தோலுக்கு அந்த மினுக்கம்தான் வடிவம் கொடுக்கிறது. பவுடர் போட்டால் அது போய்விடும், கொஞ்சம் கிறீம் பூசினால் இன்னும் நன்றாக வரும்.

ஆனாலும் முகம் கல்லாக இருந்தது. "சிரி", "சிரிக்காதே", "கொஞ்சம் கோபமாப் பார்" என்று சொல்லி ஒன்றும் நடக்கவில்லை. "பாடன்" என்றாள் படமெடுப்பவள். குளிரில் கிட்டார் நரம்பு சுருதி விலகியிருந்தது. அதைத் திருகிக்கொண்டே அவள் நாம் பெரிய வெள்ளியில் பாடும் ஒரு கீர்த்தனையை மெல்லப் பாடத் தொடங்கினாள். கையில் வண்ணக் குப்பியோடு நின்ற ஓர் இளைஞர் காதிலிருந்ததைக் கழற்றிவிட்டுக் கேட்டார். இரண்டாவது சரணத்தில் எடுத்த படம் அது. பாட்டை நிறுத்தி, யார் அங்கே என்பதுபோல் நேரே பார்க்கிறாள். 240க்கு மேல் எடுத்ததில் எனக்கு நினைவிருப்பது அந்த ஒன்றுதான்.

திங்கள் இரவு அட்டை வாட்ஸ்அப்பில் வந்தது. பெயர், எழுத்து, எல்லாம் அழகு. முகம் மட்டும் இரண்டு நிறம் வெளுத்திருந்தது. ஏன் என்று கேட்டேன்.

"அன்ரி சொன்னவ எல்லோ, அங்கிள். நீங்களும் ஒண்டும் சொல்லேல்லை."

அதே அட்டையைச் சிநேகிதிக்கும் அனுப்பியிருந்தாள். அவள் "நல்லாயிருக்கு" என்று மட்டும் எழுதி, கீழே "எடிட் பண்ணாததையும் அனுப்பு" என்று கேட்டிருந்தாள். செவ்வாய் காலை பார்த்தால் அந்த வாசல் படம், எதுவும் தொடாமல், அவளுடைய வாட்ஸ்அப் முகப்பில் இருந்தது. ஒரு சொல்லும் எழுதவில்லை.

படமெடுத்தவள் அன்று பின்னேரமே அட்டையை மாற்றினாள். இருண்ட முகத்தோடு மஞ்சள் எழுத்து இன்னும் எடுப்பாக இருந்தது, அது அவளுக்கே ஆச்சரியம். தாயிடம் காட்டினோம். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தா. "தலையை இழுத்துக் கட்டியிருக்கலாம்" என்றா. பிறகு, "என்ர அம்மான்ர முகம் இது" என்றா. புள்ளி இன்னும் வரவில்லை.

இப்போது அந்தச் சிரிப்புக்கு வருகிறேன். நீங்கள் எடுக்கிற படத்தில் எல்லாரும் வெளிச்சமாக இருப்பார்கள் என்று அக்கா சொன்னது உண்மை. திடப்படுத்தல் ஆராதனை, ஞாயிறு பாடசாலை ஆண்டு விழா, கரோல், கலியாணம் என்று பல வருடமாக உங்கள் எல்லோரையும் எடுத்து வருகிறேன். அன்று இரவு பழைய கோப்புகளைத் திறந்து பார்த்தேன். ஒவ்வொன்றிலும் முகத்தை வெளுப்பாக்கும் கோட்டை நான் இழுத்து வைத்திருக்கிறேன். யாரும் கேட்டதில்லை. பெற்றோருக்குப் பிடிக்கும் என்று நானே செய்தேன். உன்னதப்பாட்டு முதலாம் அதிகாரம் ஐந்தாம் வசனத்தை வாலிபர் வேதபாடத்தில் ஒருமுறை நான் விளக்கியும் இருக்கிறேன். அந்த வாரப் படங்களையும் வெளுப்பாக்கித்தான் கொடுத்தேன்.

கமராவிலிருந்து வந்தபடியே, தொடாத மூலப் படங்கள் 2014ஆம் ஆண்டிலிருந்து என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. உங்களுடையதோ உங்கள் பிள்ளையுடையதோ வேண்டுமானால் ஆராதனை முடிந்ததும் தேத்தண்ணி மேசையடியில் என்னைப் பிடியுங்கள். வருடத்தையும் நிகழ்வையும் ஒரு துண்டில் எழுதிக் கொண்டு வந்தால் தேடுவது சுலபம். இதுவரை மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். முதலில் கேட்டது அந்த அக்கா.